வூட்ல ஒரு மாமரம் கீது

அவர் பதினோரு முறை தீ மிதித்தவர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் திரௌபதி அம்மன், மாரியம்மன் கோயில்களில் இன்றும் தீமிதி நடக்கிறது. விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, தணல் குழியில் இறங்கி, ஓடாமல் நடந்து அந்தப் பக்கம் ஏறிவிடுவார். வயது அறுபத்து மூன்று. கரும்பு ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைகள் இரண்டும் உரம் ஏறிக் காய்த்துப் போயிருக்கும்.

என் தமிழ் வகுப்புக்கு அவர் வந்த முதல் சனிக்கிழமை, "உங்கள் பெயரையும் ஊரையும் மட்டும் தமிழில் சொல்லுங்கள் ஐயா" என்றேன். எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் பேர்" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. அவர் பிடித்திருந்த நாற்காலியின் கால்கள் சிமெண்டுத் தரையில் கடகடவென்று தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 73-ஆவது. பகைவர் நடுவே போய்ச் சாகத் துணிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள், சபை நடுவே அஞ்சாமல் நின்று பேசுகிறவர்தான் அரிது என்று வள்ளுவர் அதில் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த காலத்தில், அழகுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். தணலில் நடுங்காத கால்கள் ஒரு கோயில் மண்டபத்தில், பதினெட்டுப் பேர் முன்னால், தன் பெயரைச் சொல்ல முடியாமல் நடுங்கியதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நான் கும்பகோணம் பக்கத்துக்காரி. கணவரின் வேலைக்காக டர்பன் வந்து பதினாலு வருடம் ஆகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் இருபது வயதுப் பிள்ளையும் உண்டு, எழுபத்தைந்து வயதுப் பாட்டியும் உண்டு. இவர்களுடைய முன்னோர் பேசிய மொழிதான் இது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கும், சுரங்கத்துக்கும், ரயில் பாதைக்கும் வந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அந்தத் தமிழ் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் ஆங்கிலத்துக்கு இடம் விட்டு ஒதுங்கி, தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து, இன்றைக்குப் பூஜை அறையிலும் அடுப்படியிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இந்த நாட்டின் 1996 அரசியலமைப்புச் சட்டம், 6-ஆம் பிரிவில், வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது.

ஆனால் தேவாரம் பாடச் சொல்லுங்கள், இதே ஆட்கள் மண்டபம் அதிரப் பாடுவார்கள். ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, உச்சரிப்பு முன்னே பின்னே இருந்தாலும், குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. ஏனென்றால் அங்கே ஒருவர் குரல் தனியாகக் கேட்பதில்லை. இதைப் பல வாரம் கவனித்த பிறகுதான், பயம் எதன் மேல் என்று எனக்குத் தெளிந்தது. தமிழைக் கண்டு யாரும் பயப்படவில்லை. தனியாக ஒலிக்கிற தன் குரலுக்கும், அது நின்றதும் எழப்போகும் சிரிப்புக்கும்தான் பயந்தார்கள். பயத்தோடு போராடுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதைப் பொத்தாம்பொதுவாக விடாதீர்கள். "எனக்கு மேடை பயம்" என்பது போதாது. மேடையில் என்ன? சொல் மறந்துபோவதா, யாராவது சிரிப்பதா, அப்பா பார்த்துக்கொண்டிருப்பதா? அதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் கையாள வேண்டிய விஷயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசித்தபோது, தீவு என்று பொருள்படும் 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி 'ஐஸ்லேண்ட்' என்று படித்தேன். ஆசிரியர் என் குரல் மாதிரியே இழுத்து அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை ஆங்கில வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. டர்பன் வந்த முதல் வருடம், தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டேன். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் தலைவலி என்று சொல்லிக் கணவரை அனுப்பிவிடுவேன். அவர் கிளம்பிப் போனதும் மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. தப்பித்த ஒவ்வொரு தடவையும், "நல்லவேளை, போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. அடுத்த கூட்டத்துக்குப் பயம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்து வந்து நிற்கும்.

இவ்வளவும் பட்டவள் நான். அப்படியிருந்தும் ஒரு நாள் அதே தப்பை நானே செய்தேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

வகுப்பில் ஓர் ஆயா. எழுபத்திரண்டு வயது. இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டோம். ஐந்து வாரம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆறாவது வாரம், உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று சுற்றி வந்தபோது, அவராகவே கை தூக்கினார். மெல்லிய குரல்.

"எங்க வூட்ல ஒரு மாமரம் கீது."

"வீட்டில், ஆயா. வீட்டில் ஒரு மாமரம் இருக்கிறது" என்றேன் நான்.

சிரித்த முகத்தோடு, அன்பாகத்தான் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது. ஆயா தலையாட்டினார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிகிறவரை அதை மாட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம், ஆரணியிலிருந்து என்னோடு கல்லூரியில் படித்த தோழி பேசினாள். "அடுத்த வாரம் எங்க வூட்ல விசேஷம்டி, நீதான் அங்க கீறே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வூடு, கீது, இட்டுனு வா, எடுத்துனு வா. பழைய வடாற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு. இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறியவர்களில் வடாற்காட்டுக்காரர்கள் ஏராளம். அந்த 'கீது' கடல் தாண்டி வந்திருக்கிறது. கரும்புத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் ஓர் ஆயா வாயிலிருந்து அடுத்த ஆயா வாய்க்கு வந்து, நூறு வருடத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து, கடைசியில் என் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதை நான் பாடப்புத்தகத் தமிழை வைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆடி மாதம் அது. ஜூலையில் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு கிடைப்பது அருமை, அதனால் பெரும்பாலும் சோளமாவுக் கூழ்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆயா வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பெரிய அலுமினிய அண்டாவில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஆயா நீளமான மரத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் வரவேற்றார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"கட்டி தட்டாம எப்படி ஆயா கிண்டுறீங்க?" என்று கேட்டேன்.

"கைய நிறுத்தக் கூடாது டீச்சர். நிறுத்தினா கட்டிக்கும்." தமிழில்தான் சொன்னார். சொன்னதே அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் பேசிக்கொண்டே இருந்தார். மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பது, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவது, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த தகர வீடு, அறுபதுகளில் அங்கிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து குடிவைத்தது, தன்னை வளர்த்த ஆயா. நடுவில் ஆங்கிலமும் கலக்கும், ஆனால் தமிழ் நிற்கவில்லை. அந்த ஆயா இறந்தபோது இவருக்குப் பதினாலு வயதாம். "அப்பறம் யார்கிட்ட பேசறது?" என்றார். துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. கண் அண்டாவில்தான் இருந்தது, என் முகத்தில் இல்லை.

"ஆயா, அன்னிக்கு நான் உங்களைத் திருத்தினது தப்பு. கீதுன்னு சொல்றது தமிழ்தான். உங்க ஆயா ஊர்ல இன்னிக்கும் அப்படித்தான் பேசறாங்க" என்றேன்.

துடுப்பு ஒரு நொடி நின்றது.

"அப்ப நான் சொன்னது தப்பு இல்லியா?"

எழுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷி கேட்கிற கேள்வி. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர்தான் ஒரு டம்ளர் கூழ் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

டர்பன்காரர்களுக்குக் காந்தி கதைகள் புதிதில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதில் ஒன்றுதான் மனசில் ஓடியது. 1893-இல் வந்த புதிதில், டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் நீதிபதி. காந்தி மறுத்து வெளியே வந்துவிட்டார். அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு அதே மனிதர் பம்பாயில் ஒரு சிறிய வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க வராமல், உட்கார்ந்து, வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தவர். தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி அவரைத் தேடி வந்தார். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம், கிழிந்த துணி, கையில் தலைப்பாகை. வெள்ளைக்காரர் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கூலிகளுக்கு இருந்த வழக்கம், அதே பழக்கத்தில் காந்தி முன்னாலும் அப்படியே நின்றார். காந்தி அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டினாராம். ஆனால் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்ததாம்.

நான் ஆயாவின் தலைப்பாகையைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். ஒருவர் நடுக்கத்தோடு முதல் முதலாக ஒன்றைச் செய்து காட்டும்போது, அவர் மரியாதையை முதலில் அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இலக்கணம் இரண்டு மாதம் கழித்து வரட்டும்.

அதற்குப் பிறகு வகுப்பை அடியோடு மாற்றினேன். கூழ் அண்டா கற்றுக்கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தேன். கை வேலையாக இருந்தால் நாக்குக் கட்டு அவிழ்கிறது, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் இன்னும் சுலபமாக அவிழ்கிறது. நாற்காலி வரிசைகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்தேன். கோயிலுக்கு வேண்டிய செண்டுப்பூ மாலையை வகுப்பில் வைத்தே கட்டினோம். நாலு கூடை ஆரஞ்சுப் பூ நடுவில் கொட்டிக் கிடக்கும், எல்லோர் கண்ணும் நூலிலும் பூவிலும் இருக்கும். "அந்தப் பூ எடு", "நூல் பத்தல", "என் மாலையப் பாரு" என்று தானாகப் பேச்சு வரும். ஊசி குத்திய ஒருவர் "ஐயோ அம்மா" என்றார். தமிழில் யோசிக்க முடியவில்லை என்று என்னிடம் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர் அவர். வீட்டில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் இருந்தால், எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். பூண்டு உரிக்கக் கூப்பிடுங்கள், காரில் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.

திருத்துவதை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுவதில்லை. "நேத்து நான் கடை போனது" என்று ஒருவர் சொன்னால், "ஓ, நேத்து கடைக்குப் போனீங்களா, என்ன வாங்கினீங்க?" என்று பதிலிலேயே சரியான வடிவத்தை வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வேன். பெரும்பாலும் ஒரு மாதத்தில் அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்காவிட்டாலும் குடி முழுகிப் போய்விடாது.

தீ மிதித்த ஐயாவின் கதைக்கு வருகிறேன். பாம்பைக் கண்டால் உயிர் போகிற மாதிரி பயப்படுகிறவர்களை வைத்து ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஆய்வுகள் செய்தார். முதலில் அடுத்த அறையிலிருந்து பார்ப்பது, அப்புறம் வாசலில் நிற்பது, அப்புறம் கையுறை போட்டுத் தொடுவது என்று படிப்படியாகக் கொண்டுபோனார். "உன்னால் முடியும்" என்று மற்றவர் சொல்கிற சொல்லைவிட, தானே செய்து முடித்த ஒரு சின்னக் காரியம் தன்னம்பிக்கையை அதிகம் வளர்க்கிறது என்று 1977-இல் எழுதினார். நான் அதுவரை "பயப்படாதீங்க ஐயா, நீங்க நல்லாப் பேசுவீங்க" என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவருக்கு இன்னும் பாரமாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பச் சொன்னேன். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வந்தது. ஒன்பது விநாடி. பின்னணியில் சேவல் கூவுகிறது. "என் பேர்" என்று தொடங்கி, பெயரும் ஊரும் சொல்லி, கடைசியில் ஒரு பெருமூச்சு. இருபது தடவை அழித்துவிட்டு அனுப்பியதாகப் பிறகு சொன்னார். அடுத்த வாரம் அதையே பேத்தி முன்னால் சொன்னார். அதற்கடுத்து மனைவி முன்னால். அது கஷ்டமாக இருந்ததாம், நியாயம்தானே, நெருங்கியவர்கள் முன்னால்தான் கூச்சம் கூடுதல். அப்புறம் பூக்கூடையைச் சுற்றி மூன்று பேர் முன்னால். ஏழு வாரம் பிடித்தது. தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் பேசுவோம் என்று காத்திருந்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டேதான் இருந்திருப்பார். பேச்சு முதலில் வந்தது, நம்பிக்கை அதன் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

பின்வரிசையில் சிரித்த பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்து நாலு வயது. எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, ஏன் சிரிக்கிறாய் என்று நேராகக் கேட்டுவிட்டேன். தலை குனிந்துகொண்டான். "நான் சிரிச்சுக்கிட்டே இருந்தா என்னைப் பேசச் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன் ஆன்ட்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னான். வகுப்பிலேயே அதிகமாகப் பயந்தவன் அவன்தான். என் எட்டாம் வகுப்பு ஆசிரியரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோபம் இல்லாமல் நினைத்துப் பார்த்தேன். அவருக்கும் அந்த மொழி எவ்வளவு தூரம் வந்திருக்கும், யாரிடம் அவர் எப்போது சிரிப்பு வாங்கியிருப்பார், யார் கண்டது. மனுஷ சுபாவத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. அடிபட்ட இடத்தை மறைக்க, இன்னொருவரின் அதே இடத்தில் கை வைக்கிறோம்.

அந்தப் பையனுக்கு ஓர் ஆய்வைச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டு தாமஸ் கிலோவிச்சும் அவர் நண்பர்களும் வெளியிட்டது. கூச்சம் தருகிற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட பனியனை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். "நம்மளை யாரும் அவ்வளவா பார்க்கிறதில்லப்பா" என்றேன். நம்பாமல் பார்த்தான். அடுத்த வாரம் முன்வரிசைக்கு வந்தான்.

படைப்பு பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது ஒரு தாலாட்டில். தாலாட்டுக்கு ஒரு வசதி உண்டு, ஆராரோ என்று ஆரம்பித்துவிட்டால் அதற்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஐயாவுக்குப் புதிதாக இன்னொரு பேத்தி பிறந்திருந்தாள். அவளுக்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு வரி எழுதலாம் என்றேன். பேனாவை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. சரி, உங்களால் முடிந்தவரை மோசமான வரி ஒன்று எழுதுங்கள், மோசமாக இருந்தால்தான் ஏற்றுக்கொள்வேன் என்றேன். மளமளவென்று எழுதினார்கள். குழந்தைக்குக் கோழிக்கறி கொடுக்கும் வரி, குழந்தையைத் தூங்காதே என்று மிரட்டும் வரி. படித்துப் படித்து எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். எல்லோருக்கும் உரிய சிரிப்பு அது. அப்புறம்தான் நல்லவை வந்தன.

"கரும்புக் காட்டுக் காத்தே, மெல்ல வா, எம் பேத்தி தூங்கறா." இது ஐயா.

பையன் கடலைப் பற்றி எழுத நினைத்தான். அலை என்ற சொல் அவனுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். எழுதினான்: "கடலோட மூச்சு வந்து வந்து போகுது, நீயும் அது மாதிரி மூச்சு விட்டுத் தூங்கு."

அலை என்ற சொல்லை அன்று அவனிடம் சொல்லக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல் தெரிந்திருந்தால் அவன் அலை என்றுதான் எழுதியிருப்பான். கைவசம் இருக்கிற நாற்பது சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில், அதுவும் யாரும் தப்பு எண்ணாத இடத்தில், அந்த வரி பிறந்தது. எனக்கு ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொல் தெரியும். அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. எழுத, வரைய, பாட ஆசைப்பட்டு, இன்னும் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பையனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பதை வைத்து ஆரம்பியுங்கள். குறைவாக இருப்பதே சில சமயம் கை கொடுக்கிறது.

ஐயாவும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவர் என்னிடம் தமிழில் மட்டும் பேசுவார், நான் அவரிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவேன். கோயில் ஆண்டுவிழாவில் நன்றியுரையை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். ஒலிவாங்கி முன்னால் நின்றபோது இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு மெதுவாகும். அதை நாலைந்து தடவை செய்தேன். பயம் போகவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் பேசி முடித்தேன். அதே மேடையில் ஐயா இரண்டு நிமிஷம் தமிழில் பேசினார், எதையும் பிடித்துக்கொள்ளாமல். ஆயா மேடைக்கு வரமாட்டேன் என்றார். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்கு வேண்டியது மேடை இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் காலை தொலைபேசி அடித்தது. இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

"டீச்சர், மாங்கா பழுத்துக் கீது. பெரிய பை எடுத்துனு வா."

"எந்த மரத்துல ஆயா?"

"அதான், எங்க வூட்ல கீதே, அது."